விரற்கடை

பூட்டை உடைத்தவன் வீட்டுக்குள் வரவில்லை.
சுவரில் கன்னம் வைத்த ஓட்டை இல்லை.
காலையில் எழுந்து பார்த்தேன்,
என் மென்பொருள் வைத்த இடத்திலேயே இருந்தது,
ஒரு வரி குறையாமல்.
களவு போன வீடு இப்படியா இருக்கும்?

ரூசே நகரம். நான்காம் மாடி.
டான்யூப்புக்கு அக்கரையில் ருமேனியாவின் விளக்குகள்.
நாலு குளிர்காலம் உட்கார்ந்து எழுதினேன் கிரோய்காவை.
துணியைத் திரையில் விரித்து
முதுகு, மார்பு, கழுத்துப்பட்டி, கை
எல்லாவற்றையும் நெருக்கிப் படுக்கவைத்து
சாண் துணி வீணாகாமல் கோடு போட்டுத் தரும்.
விலை இருநூற்று நாற்பது லெவா.
கப்ரோவோவில் ஒரு சட்டைக்காரர்
மூன்று தவணையில் கட்டினார்,
தவணைக்குத் தவணை ரசீது கேட்டு.
விற்றது மொத்தம் முப்பத்தொன்று.
விலையில்லாமல் இறக்கிக்கொண்டவர்களை
ஆயிரத்துச் சொச்சம் வரை எண்ணினேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

"எடுத்தால் குறைய வேண்டும்.
குறையாதது எப்படிக் களவாகும்?"
என்றான் தம்பி பொய்கோ,
என் சூப்பைக் குடித்துக்கொண்டே.
அது குறைந்துகொண்டிருந்தது.
"அவர்கள் எப்படியும் வாங்கியிருக்க மாட்டார்கள்,
உனக்கென்ன நஷ்டம்?"
வெப்பக் கட்டணச் சீட்டு மேசைமேல் கிடந்தது.
அதனிடம் சொல் என்றேன்.

அந்த வாரம்தான் உள்ளே ஒரு முள் வைத்தேன்.
பூட்டு உடைந்த பிரதி என்றால்
முப்பது நாள் ஒழுங்காக வேலை செய்.
முப்பத்தோராம் நாளிலிருந்து
இடது கையை மட்டும்
ஒரு விரற்கடை குறைத்து வெட்டு.
திரையில் தெரியாது. தாளிலும் தெரியாது.
தைத்து, போட்டு, கையை நீட்டினால்தான் தெரியும்.
எழுதி முடித்துவிட்டுச் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.
தனியாகத்தான் இருந்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

பதினொரு மாதம் கழித்து விதினிலிருந்து கடிதம்.
ஸ்டாம்கா, தையல்கூடம், ஏழு பெண்கள்.
"அம்மணி, நாங்கள் இதைக் காசு கொடுத்து வாங்கவில்லை.
அக்கா மகன் எங்கிருந்தோ போட்டுக் கொடுத்தான்.
மறைப்பானேன்.
ரயில்வே ஆட்களுக்கு அறுபது குளிர் மேலங்கி,
அறுபதிலும் இடது கை கட்டை.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
வெட்டியவள் யோர்தான்கா,
அவளை வேலையை விட்டு நிறுத்தினேன்.
இன்று வேறொருத்தி வெட்டினாள். அதே கட்டை.
தவறு எங்கள் கையிலா, உங்களிடமா?
தெரிந்தால் சொல்லுங்கள்."

கணக்குதான் என் பிழைப்பு.
அறுபது விரற்கடை.
அடுக்கி நிறுத்தினால் என் மார்பு வரைக்கும் வரும்.
அவ்வளவும் அவர்களை விட்டுப் போனது,
என்னிடம் வந்து சேரவில்லை.
எடுத்தால் குறைய வேண்டும் என்றாயே பொய்கோ,
வா, வந்து பார்,
இதோ குறைந்திருக்கிறது.

ஆனாலும் அந்த இருநூற்று நாற்பது?
அதை நான் மன்னித்ததாக யாரும் எழுதிவிட வேண்டாம்.
இரவு முழுக்க
அதை ஒரு தட்டில், யோர்தான்காவை ஒரு தட்டில்.
முள் நடுவில் நிற்கவே இல்லை.
தராசும் என்னுடையது,
அதையும் நம்ப முடியவில்லை.

தவறு என்னிடம் என்று எழுதினேன்.
வேண்டுமென்றே என்று எழுதி,
அழித்து,
மறுபடி எழுதி அனுப்பினேன்.
கூடவே முள் பிடுங்கிய பிரதி.
யோர்தான்காவைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி.

மூன்று வாரம் பேச்சில்லை.
பிறகு பேருந்தில் ஒரு பொட்டலம் வந்தது,
கருநீல மேலங்கி, முதுகில் மஞ்சள் பட்டை.
பையில் நாற்பது லெவா, ஒரு துண்டுச் சீட்டு.
"மீதி ஐந்து தவணையில்.
யோர்தான்கா வர மாட்டேன் என்றுவிட்டாள்."
வேறொன்றும் இல்லை.
கடனா, வசவா, அது அவளுக்கே வெளிச்சம்.

கப்ரோவோக்காரரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மேலங்கியைப் போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போகிறேன்.
கதகதப்பாக இருக்கிறது, நல்ல தையல்.
ஆற்றுக் காற்று மட்டும்
இடது மணிக்கட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது.